66.67 சதவீதத்தை 67 என்று எடுத்துக்கொள்வார்களா? பெல் கிராண்ட் நின்றுவிட்டது

வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், 60 கிரெடிட் அசோசியேட் டிகிரி படிக்கும் அக்கா மகனுக்காகக் கேட்கிறேன். அவனுடைய பெல் கிராண்ட், அதாவது வருமானம் குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் படிப்பு உதவித்தொகை, நின்றுவிட்டது. கிரீன் கார்டு உள்ளவன். ஜி.பி.ஏ. 2.4, அதில் சிக்கல் இல்லை. எடுத்தது 60 கிரெடிட், முடித்தது 38. அதாவது 63.3%. உதவித்தொகை தொடர, எடுத்த கிரெடிட்டில் கல்லூரி முடிக்கக் கேட்பது 67%. இலையுதிர் பருவத்தில் வார்னிங், வசந்த பருவ முடிவில் உதவித்தொகை சஸ்பென்ஷன். டிகிரிக்கான கிரெடிட்டில் 150% வரைதான் எடுக்கலாம் என்ற உச்சவரம்பான 90 கிரெடிட்டை இன்னும் தொடவில்லை.

அப்பீல் போட்டோம். அவனுடைய மருத்துவமனைக் காகிதங்கள் எல்லாம் வைத்தும் நிராகரித்துவிட்டார்கள். இப்போது நிலைமை மாறியதற்குச் சான்று இல்லையாம். பழைய எஃப் கிரேடுகளை W (பாடத்திலிருந்து விலகியது) ஆக மாற்றலாமா என்று பார்த்தோம், பயனில்லை: W-வும் எடுத்த கணக்கில்தான் சேரும். தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதினால் ஜி.பி.ஏ. ஏறும், ஆனால் பழைய முயற்சி கணக்கிலிருந்து போகாது.

மிச்சம் இருப்பது கைக்காசு போட்டுக் கோடையில் படிப்பது. 6 கிரெடிட் பாஸ் செய்தால் 44/66, சரியாக 66.67%. 9 எடுத்தால் 47/69, 68.1%. அந்த 3 கிரெடிட்டுக்கான பணம் வீட்டுக்குப் பெரிய தொகை. கோடையில் மூன்று பாடம் அவன் உடம்புக்கும் பாரம். 150% வரம்பிலிருந்து வரும் கணக்கே (60/90) மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் கல்லூரி விதியில் வெறும் 67% என்றுதான் இருக்கிறது. முழு எண்ணாக்குவது பற்றி ஒரு வரியும் இல்லை. கல்லூரியின் எய்ட் ஆபீஸில் (உதவித்தொகை அலுவலகம்) போனில் ஆளுக்கொரு பதில், மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை.

எய்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள், இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: இப்படி எழுதியிருக்கும் கல்லூரிகளில் 66.67%-ஐ ஏற்றுக்கொண்டார்களா?