உருவப் படத்தில் நம்மை நோக்கி நீளும் காலை வரைவதில் சிக்கல், வழி சொல்லுங்கள்

வணக்கம். நண்பர்களையே மாடலாக வைத்து உருவம் வரைந்து பழகுகிறோம். நிற்கும் நிலைகள் கைக்கு வந்துவிட்டன. உடம்பை முறுக்கிய நிலை, தரையில் சாய்ந்து பாதத்தை நம் பக்கம் நீட்டிய நிலை, இவற்றில்தான் திணறல்.

வரையும் முறை இது: தலா 30 நொடியில் பத்துப் படம், தலா 2 நிமிடத்தில் ஐந்து, கடைசியாக 15 நிமிடத்தில் ஒன்று. ஒற்றைக்காலில் நிற்பது, கையைத் தூக்கிப் பிடிப்பது போன்றவற்றை 2 நிமிடத்துக்கு மேல் வைப்பதில்லை. கை மெல்ல இறங்கும், எடை மறுகாலுக்கு மாறும், பாதிப் படம் வேறு நிலையாகிவிடும். நீண்ட நிலைக்குப் பாதமும் கையும் படும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறோம். ஓய்வுக்குப் பின் அதே இடத்தில் உட்கார அதுதான் கைகொடுக்கிறது.

முதலில் அசைவுக்கோடு (உடம்பின் மொத்த வளைவைக் காட்டும் ஒரே கோடு), அடுத்து தோள், இடுப்புச் சரிவுகள். இதுவரை சரி.

நீட்டிய காலுக்கு வந்தால், கண்ணுக்கு ஒரு விரலளவே தெரியும் தொடை தாளில் முக்கால் சாணாகிவிடுகிறது. தொடை நீளமானது என்று மனம் அடம்பிடிக்கிறது. பாதமோ சிறுத்துப்போகிறது. பென்சிலைக் கண்ணுக்கு நேரே நீட்டி மாடலின் அளவுகளை எடுக்கும்போது முழங்கையை மடக்காமல்தான் பிடிக்கிறோம். மாடல் ஒன்றரை மீட்டரில் இருப்பதால், தலை சற்று அசைந்தாலும் அளவு மாறுகிறது.

மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதுமா? காலை உருளைகளாகக் கட்டிவிட்டு, ஒன்றையொன்று மறைக்கும் விளிம்புகளைப் போடுவதா, சுற்றியுள்ள வெற்றிட வடிவத்தை முதலில் பிடிப்பதா? முறுக்கிய இடுப்புக்கு நீங்கள் தோலுக்கு மேல் புடைத்துத் தெரியும் எந்த எலும்பு முனையைப் பிடித்துத் தொடங்குகிறீர்கள்? படம் போட்டுக் காட்டினால் பெரிய உதவி.