தைப்பிங் போர் மயானத்தில் ஸ்கார்ஃப் கல்லறை: போகிறவர்களுக்கான விவரங்கள்

தைப்பிங்காரர்:
ஆர்தர் ஸ்கார்ஃப் 1941இல் மலாயாவில் இறந்த பிரிட்டிஷ் விமானப்படை விமானி; பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவர். அவர் கல்லறை மலேசியாவின் தைப்பிங்கில் இருக்கிறது. வழியை முதலில் சொல்லிவிடலாம். ரயிலடியில் இறங்கி கிராப் வாடகைக் கார் பிடித்தால், ஓட்டுநரிடம் "புக்கிட் லாருட் போகிற ரோடு" என்றால் போதும். ஏரிப் பூங்காவைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் மயானம்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வண்டி நிற்கிற பக்கத்தை மட்டும் சுற்றிவிட்டு, பெயரைக் காணோம் என்று திரும்பிவிடுகிறார்கள். கிறிஸ்தவர் கல்லறைகள் ஒரு பக்கம், முஸ்லிம், கூர்க்கா வீரர்கள் எதிர்ப்பக்கம். ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் இருப்பது கிறிஸ்தவர் பகுதியில்.

கல்லறை எண் 2. ஜி. 14. முதல் எண் பிளாட், எழுத்து வரிசை, கடைசி எண் கல்லறை. பிளாட்டைக் கவனிக்காமல் ஜி வரிசையை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் வேறொருவர் முன்னால் போய் நிற்பீர்கள். கிளம்பும் முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் மயான வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள், நம்ம ஊர் ஈரத்துக்குக் காகிதம் தாங்காது. மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல். பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

ஈப்போ வாசகர்:
காலையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொறித்த எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழாது, படத்தில் வெறும் கல்தான் வரும். வெளிச்சம் சரியில்லை என்றால் ஒரு சின்னக் கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்பிவிடுங்கள். இல்லையா, கொஞ்சம் சுத்தத் தண்ணீர் தெளித்தால் போதும். சாக்குக்கட்டி, மாவு, சவர நுரை எதையும் தேய்க்க வேண்டாம். அது எழுத்தின் பள்ளத்தில் தங்கி, பாசி பிடித்து, கடைசியில் எழுத்தையே தின்றுவிடும்.

விமானப்படையினர் கல்லில் பதவி, பெயரோடு "விமானி", "நேவிகேட்டர்" என்று வேலையும் பொறிப்பது வழக்கம். விக்டோரியா கிராஸ் பெற்றவர் என்றால் அந்தப் பதக்கத்தின் உருவமும் சேரும். வரிசையில் நடக்கும்போதே கண்ணில் படுவது அதுதான்.

பினாங்கு வாசகர்:
கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்கார்ஃப் ஓட்டிய பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் அந்த மனிதர் செய்தது பாதிதான் புரியும்.

அவருடைய படைப்பிரிவான 62வது ஸ்குவாட்ரன் கெடாவின் அலோர் ஸ்டாரில் (இன்றைய அலோர் செத்தார்) இருந்தது. 1941 டிசம்பர் 8 அன்று அங்கே குண்டு விழுந்ததும் பட்டர்வொர்த்துக்கு இடம் மாறினார்கள். மறுநாள் 9ஆம் தேதி, சயாமில் (தாய்லாந்து) ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கோராவைத் தாக்க உத்தரவு. இன்றைய சொங்க்லா, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். முதலில் மேலே ஏறியவர் ஸ்கார்ஃப். அவர் கிளம்பிய கையோடு ஜப்பானிய விமானங்கள் வந்து தரையில் நின்றவற்றை நாசமாக்கிவிட்டன. திரும்பி வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஒற்றை விமானமாகவே போய்க் குண்டு போட்டார்.

பிளென்ஹைம் மார்க் 1இல் மூன்று பேர். விமானி முன்னால் இடப்பக்கம், நேவிகேட்டர் மூக்குப் பகுதியில், துப்பாக்கிக்காரர் இறக்கைக்குப் பின்னால் முதுகுக் கூண்டில். ஓட்டும் விசை ஒரு செட் மட்டுமே. விமானி சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பிடித்து ஓட்ட இரண்டாவது தண்டு கிடையாது. ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டதில் இடது கை சிதைந்து, முதுகில் பெரிய காயம் பட்ட பிறகும் ஸ்கார்ஃபே ஓட்ட வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான். பின்னால் இருந்த துப்பாக்கிக்காரர் முன்னால் ஊர்ந்து வந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பட்டர்வொர்த் வரை தாங்காது என்று அலோர் ஸ்டார் வயலில் சக்கரத்தைக் கீழே நீட்டாமலே விமானத்தை இறக்கினார்கள். சேற்று வயலில் சக்கரத்தோடு இறங்கினால் அது புதைந்து விமானம் குப்புறக் கவிழும். வயிறு தேய இறங்கினால் வழுக்கி நிற்கும். கூட இருந்த இருவருக்கும் காயமில்லை. மனைவி தாதியாக வேலை பார்த்த மருத்துவமனைக்கே ஸ்கார்ஃபைக் கொண்டு போனார்கள். மனைவியே ரத்தம் கொடுத்தார் என்பார்கள். அன்றே இறந்தார், வயது 28.

கோலாலம்பூர் வாசகர்:
ஆவணம் தேடுகிறவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, பெயரின் கடைசியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இல்லை. அதைச் சேர்த்துத் தேடினால் வேறு ஆட்கள் வருவார்கள். இரண்டு, விருது அறிவிப்பை 1941, 42ஆம் வருட அரசிதழில் தேடிப் பயனில்லை. சிங்கப்பூர் விழுந்தபோது எத்தனையோ கோப்புகள் போயின. லண்டன் அரசிதழில் வந்தது 1946 ஜூன் 21. அந்தக் காலத்தில் எதிரியோடு நடந்த சண்டையில் காட்டிய வீரத்துக்காக இறந்தவருக்குக் கொடுக்கக்கூடியது இரண்டுதான்: விக்டோரியா கிராஸ், அல்லது தளபதியின் போர் அறிக்கையில் பெயர்க் குறிப்பு. நடுவில் எதுவும் கிடையாது.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மலாயா அப்போது கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால். ஜப்பானியப் பதிவுகள் தோக்கியோ நேரத்தில், அதாவது ஒன்பது மணி முன்னால். ஒன்றரை மணி வித்தியாசத்தைக் கழிக்காமல் இரண்டு தரப்புப் பதிவையும் பக்கத்தில் வைத்தால், ஒரே தாக்குதல் இரண்டாகத் தெரியும்.

சிங்கப்பூர் வாசகர்:
ஸ்கார்ஃபின் பதக்கம் மயானத்தில் இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. 2022இல் ஏலத்துக்கு வந்தது, பிறகு பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. உடல் கிடைக்காத விமானப்படையினரைத் தேடுவதாக இருந்தால் தைப்பிங் வேண்டாம், கிராஞ்சிக்கு வாருங்கள். அவர்கள் பெயர்கள் இங்கே நினைவுச் சுவரில்.

தைப்பிங்காரர்:
ஒன்று விட்டுப்போச்சு. இந்த மயானமே போர் முடிந்த பிறகு அமைத்தது. ஆங்காங்கே தற்காலிகமாகப் புதைத்தவர்களைத் தோண்டி எடுத்து இங்கே சேர்த்தார்கள். 860க்கு மேற்பட்டோரில் 500க்கும் அதிகமானவர்களுக்குப் பெயரே இல்லை. ஸ்கார்ஃப் இறந்த சில நாளில் அலோர் ஸ்டாருக்கு வடக்கே ஜித்ராவில் பிரிட்டிஷ் தரப்பின் 11வது இந்திய டிவிஷன் நொறுங்கியது. முஸ்லிம், கூர்க்கா வீரர்களும் இருந்த படை அது. நேரமிருந்தால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமும் போய்ப் பாருங்கள். வளைவில் லாரி வேகமாக வரும், பார்த்துக் கடக்கவும்.