குளிச்ச தண்ணியவே சுத்தவிடுற ஷவர், நம்ம வீட்ல பண்ண முடியுமா?

தண்டையார்பேட்டை ராஜாளி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமா தெரியலாம் ஆனா சீரியஸா தான் கேக்குறேன்.

வீடு தண்டையார்பேட்டை, மாடில நாங்க, கீழ வாடகைக்கு ஒரு குடும்பம். அப்பா ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, முதுகு மொத்தமா போச்சு. வெந்நி முதுகுல நல்லா படுற மாதிரி கால் மணி நேரம் விடுங்கன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து டெய்லி சாயங்காலம் ஷவர் தான், அது அவருக்கு நல்லா கேக்குது அதனால நிறுத்துப்பான்னு சொல்ல மனசு வரல. ஆனா கீசர் 15 லிட்டர் தான், அஞ்சாறு நிமிஷத்துல பச்சத்தண்ணி வந்துடுது, "டேய் சூடு போச்சுடா"ன்னு உள்ளேர்ந்து சவுண்டு. தண்ணியும் ஏகத்துக்கு போவுது, போர் தண்ணி ஒரே உப்பு அதனால குளிக்கவும் மெட்ரோ தண்ணி தான், சம்ப்பு சின்னது, கீழ் வீட்டுக்காரங்க மூஞ்சிய பாக்க முடியல.

நெட்டுல தேடினப்ப ஃபின்லாந்துல ஷவர்லூப்னு ஒண்ணு இருக்கு, பிளான் எல்லாம் யார் வேணா பண்ணிக்கலாம்னு ஓப்பனா போட்டிருக்காங்க. கீழ விழுற தண்ணிய பம்பு இழுத்து, வலை, மணல், கார்பன், கிருமிய கொல்ற யூவி லைட்டு எல்லாம் தாண்டி திரும்ப தலைக்கு மேல கொண்டுபோவுது. ஸ்வீடன்ல ஆர்பிட்டல்னு ஒரு கம்பெனி இதையே ரெடிமேடா பண்ணாங்க, தண்ணி 90 சதவீதம் கரண்ட் 80 சதவீதம் வரைக்கும் மிச்சம்னு சொல்லிக்கிட்டாங்க, விலைய பாத்துட்டு ஃபோனை கவுத்து வெச்சிட்டேன். நம்ம ஊர் சாமான வெச்சு பண்ணலாமா? யாராச்சும் பண்ணிருக்கீங்களா?

ராயபுரம் பைப்பு:

தம்பி ஐடியா சோக்கா தான் கீது, ஆனா அந்த ஃபின்லாந்து பிளானை அப்டியே நம்மூர்ல போட்டா பேஜாராயிடும், ஏன்னா அவன் ஊர்ல தரைக்கு அடியில எடம் வுட்டு கட்டுவான், உனக்கு தரைய ஒடைச்சா கீழ் வூட்டு சீலிங். அப்புறம் சோப்பு நுரை. பம்பு நுரைய இழுத்துச்சுன்னா ஏர் புடிச்சிக்கும், தண்ணி ஏறாது, மோட்டார் மட்டும் கத்திக்கினே இருக்கும். நான் லாட்ஜ் வேலை, வூட்டு வேலைன்னு எவ்ளோ பாத்துருக்கேன், சோப்பு தண்ணியும் பம்பும் ஒத்தே போவாது. அப்பா சோப்பு போட்டுக்கினே நிப்பாரா இல்ல சும்மா வெந்நி தானா? அத மொதல்ல சொல்லு.

காலடிப்பேட்டை அக்கா:

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, எனக்கு இந்த ஷவர் சமாச்சாரமே புரியல. ஒரு பக்கெட் வெச்சு சொம்புல மொண்டு ஊத்துனா இருபது லிட்டர்ல குளியல் முடிஞ்சுது, எந்த மிஷினு இதை விட மிச்சம் பண்ணும்? 2019ல நெனப்பு இருக்கா, புழல்லேர்ந்து செம்பரம்பாக்கம் வரைக்கும் வறண்டு போய் ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல வில்லிவாக்கத்துக்கு தண்ணி வந்துச்சு, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அப்ப எங்க தெருவுல லாரி வந்தா குடத்தோட ஓடுன ஓட்டம் இருக்கே, அன்னிலேர்ந்து எங்க வீட்ல குழாய தொறந்து விட்டுட்டு யாரும் நிக்கறதில்ல.

சரி அப்பாவுக்கு முதுகுவலின்னா அது வேற. ஆனா நான் கேக்குறது, எல்லாரும் குளிச்ச தண்ணிய திரும்ப தலைக்கு ஊத்த ஏன் துடிக்கிறீங்க? கக்கூஸுக்கு ஊத்துங்களேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு கணக்கு போடுற ஸ்டாண்டர்டுலயே 45 லிட்டர் ஃபிளஷுக்குன்னு தான் வெச்சிருக்காங்க, என் பையன் சிவில் படிக்கிறான் அவன் காமிச்சான். மூணுல ஒரு பங்கு நல்ல தண்ணிய அங்க கொட்டிட்டு, குளிக்கிற தண்ணிக்கு ஃபில்டர் யூவின்னு செலவு பண்றது எனக்கு ஏத்துக்க முடியல.

பெரம்பூர் யூனிட்:

அக்கா சொல்றது பொதுவா கரெக்ட், ஆனா இந்த கேஸ் வேற. குளியல்னா பக்கெட்டை அடிச்சிக்க ஆளே இல்ல. இங்க தேவை குளியல் இல்ல, ஒத்தடம். கால் மணி நேரம் சூடு முதுகுல பட்டுக்கிட்டே இருக்கணும், தண்ணி அழுக்கே ஆவாது. சுத்தவிடுற ஷவருக்கு இதை விட நல்ல காரணம் கிடைக்காதுன்னு தான் சொல்வேன்.

கணக்கு போட்டு பாத்தேன். ஷவர் நிமிஷத்துக்கு 6 லிட்டர்னு வெச்சுக்குவோம், 15 நிமிஷத்துக்கு 90 லிட்டர். டேங்க் தண்ணி 27 டிகிரி, வேண்டியது 40, அப்போ 13 டிகிரி ஏத்தணும், அதுக்கு சுமார் 1.4 யூனிட் கரண்ட். 15 லிட்டர் கீசர்ல 60 டிகிரில இருக்கற தண்ணிய பச்சத்தண்ணியோட கலந்தா 40 டிகிரில 38 லிட்டர் தான் கிடைக்கும், அதான் உங்க அப்பா ஆறாவது நிமிஷம் சத்தம் போடுறாரு. கீசர்ல ஃபால்ட் இல்ல.

சுத்தவிட்டா 12 லிட்டர் மட்டும் சூடு பண்ணா போதும்னு தோணும், அங்க தான் இந்த கம்பெனிக்காரங்க விளம்பரத்துல லேசா கடந்து போயிடுவாங்க. ஷவர்லேர்ந்து விழுந்து தரைக்கு வர்றதுக்குள்ள தண்ணி மூணு நாலு டிகிரி ஆறிடும், காத்துல கொஞ்சம், உடம்புக்கு கொஞ்சம், ஆவியா கொஞ்சம். 4 டிகிரின்னு வெச்சா நிமிஷத்துக்கு 6 லிட்டர் ஓட்டத்துல 1.7 கிலோவாட் அளவுக்கு சூடு போயிட்டே இருக்கு, அதை யாராச்சும் திரும்ப போட்டுக்கிட்டே இருக்கணும். எல்லாம் சேத்து 0.6 யூனிட் ஆவும். அப்பவும் பாதிக்கு மேல மிச்சம் தான், ஆனா 80 சதவீதம் எல்லாம் நம்மூருக்கு கிடையாது. அங்கெல்லாம் குழாய்ல வர்ற தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், அவங்களுக்கு ஏத்த வேண்டிய டிகிரி ரொம்ப அதிகம், அதனால மிச்சமும் அதிகமா தெரியும். நமக்கு மே மாசத்துல சின்டெக்ஸ் தண்ணில கை வெச்சாலே சுடுது, அப்ப கீசரே ஆன் பண்ண வேணாம். கரண்ட் பில்லுக்காக இதை பண்ணாதீங்க, தண்ணிக்காக பண்ணுங்க.

தண்டையார்பேட்டை ராஜாளி:

பைப்பு அண்ணே, சோப்பு காலைல குளியலோட சரி. சாயங்காலம் வெறும் வெந்நி தான், ஆனா உடம்புல வேர்வை இருக்கும்.

யூனிட் ப்ரோ, அந்த ஆறிப்போற சூட்டை திரும்ப போட சுத்துற தண்ணி வழியிலயே ஒரு இன்ஸ்டன்ட் கீசர் மாட்டலாமா? 3 கிலோவாட் ஒண்ணு பரண்ல சும்மா கிடக்கு.

பெரம்பூர் யூனிட்:

வேணாம்யா. பம்பு அடைச்சு ஓட்டம் நின்னா கொஞ்சம் லிட்டர் தண்ணிய 3 கிலோவாட்ல காச்சிக்கிட்டே இருக்கும், தெர்மோஸ்டாட் கட் ஆவறதுக்குள்ள கொதிக்கிற தண்ணி வயசானவர் முதுகுல. ஓட்டம் நின்னா ஹீட்டரை நிறுத்துற ஃபுளோ ஸ்விட்ச், அதுக்கு மேல ஒரு டெம்பரேச்சர் கட்டவுட்னு போட்டு பண்றவன் பண்ணலாம், வீட்ல அப்பாவை வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க.

இதுக்கு ஈஸியான வழி இருக்கு. சுத்துற தண்ணில ஹீட்டரே வேணாம். இருக்கற 15 லிட்டர் கீசர்லேர்ந்து 60 டிகிரி வெந்நிய ஒரு சின்ன வால்வு வழியா நிமிஷத்துக்கு ஒண்ணே கால் லிட்டர் மாதிரி ஒழுக விடுங்க, பம்புலேர்ந்து ஷவருக்கு போற பைப்புல கலக்கட்டும். ஆறிப்போற சூட்டுக்கு அது சரியா இருக்கும். கால் மணி நேரத்துக்கு 18, 19 லிட்டர் தான், கீசர் நடுவுல திரும்ப காச்சிக்கும், பத்தும். ஆரம்பத்துல ஊத்துற 12 லிட்டரையும் சேத்தா மொத்தம் 30 லிட்டர் சொச்சம். 90 எங்க 30 எங்க. கரண்ட் 0.9 யூனிட் கிட்ட ஆவும், 0.6 இல்ல, ஆனா ஷாக்கு பயமும் கொதிநீர் பயமும் ரொம்ப குறையும், புது தண்ணி வந்து கலந்துட்டே இருக்கறதால சுத்தமும் கொஞ்சம் மேல. அப்பாவுக்கு சுகர் இருக்கா? இருந்தா சூடு உறைக்காம போகலாம், ஷவர்ல 42க்கு மேல போகாம தெர்மாமீட்டர் வெச்சு வால்வை செட் பண்ணி மார்க் போட்டுடுங்க.

ராயபுரம் பைப்பு:

பெரம்பூர்காரு கரெக்டா சொல்ட்டாரு. இப்ப நான் வேலைய சொல்றேன் கேட்டுக்கோ. தரைய ஒடைக்க வேணாம். பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டை இருக்குல்ல, அதை சுத்தி மூணுக்கு மூணு அடி வரப்பு மாதிரி ஒரு கட்டை கட்டு, நாலு இஞ்சு ஒசரம் போதும், அதுக்கு மேல போனா பெரியவரு தடுக்கி வுழுவாரு, செவுத்துல புடிச்சிக்க ஒரு எஸ்எஸ் கம்பி போட்டுடு. ஓட்டைக்கு ரப்பர் கார்க்கு. காலைல சோப்பு போட்டு குளிக்கிறப்ப கார்க்கை எடுத்துடு, தண்ணி வழக்கம் போல போய்டும். சாயங்காலம் தரைய ஒரு தபா அலசி வுட்டு கார்க்கை போடு, உள்ள ஒரு ஸ்டூல், பெரியவரு குந்திக்கட்டும். அந்த 30 லிட்டரும் மூணடி சதுரத்துல ஒன்ற இஞ்சு தான் நிக்கும், அதுவே தொட்டி, தனியா டேங்க் எதுக்கு. காலும் வெந்நில இருக்கும்ல, இன்னும் சொகம்.

பம்புக்கு ரிச்சி ஸ்ட்ரீட்லயோ பாரிஸ் கார்னர்லயோ மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு போடுற 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு கேளு, நிமிஷத்துக்கு 6 லிட்டருக்கு மேல தள்றதா பாத்து, சூடு தாங்குமான்னு கேட்டு வாங்கு. பேட்டரில ஓட்டு, 230 வோல்ட் மோட்டாரை பாத்ரூம் உள்ள கொண்டாராத. சார்ஜரும் வெளிய. மெயின்ல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, அதான் கரண்ட் லீக் ஆனா கட் பண்ற ஸ்விட்ச்சு, இல்லன்னா இந்த வேலைக்கு முன்னாடி அத மாட்டு, கீசருக்கே அது வேணும். பம்பு இழுக்கற முனைல முடி வலை, அப்புறம் கழுவி போடுற மாதிரி ஒரு ஃபில்டர், கண்ணாடி டப்பா வெச்சது, அழுக்கு வெளியவே தெரியும்.

முக்கியமா வாட்டர் ப்ரூஃபிங். இத்தினி நாளா தண்ணி வுழுந்து ஓடிச்சு, இனிமே கால் மணி நேரம் நிக்கப்போவுது. டைல்ஸ் சந்தை அடைக்கிற எபாக்ஸி க்ரௌட் அடிச்சு, ரெண்டு நாள் தண்ணி கட்டி வெச்சு கீழ் வூட்டு சீலிங்க பாரு. அத பண்ணாம ஆரம்பிச்சேன்னா வாடகைக்காரரு உன்ன கட்டையால அடிப்பாரு.

கொடுங்கையூர் லேப்:

நான் தண்ணி டெஸ்டிங் லைன்ல இருக்கேன், ஒரு ரெண்டு விஷயம் சேத்துக்குறேன். முதல்ல யூவி. கலங்கின தண்ணில யூவி வேலை செய்யாது, துகளோட நிழல்ல கிருமி ஒளிஞ்சுக்கும். ஆர்.ஓ. மிஷின்ல வர்ற சின்ன யூவி ட்யூப் நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு லிட்டருக்கு போட்டது, இந்த ஓட்டத்துக்கு பத்தாது. நம்ம ஏரியா உப்புத்தண்ணி பட்டா அந்த கண்ணாடி உறைல வெள்ளையா படிஞ்சிடும், லைட்டு எரியும் ஆனா வெளிய வராது, எரியுதேன்னு நாம நம்பிட்டிருப்போம். ஒரே ஆளு, அதே தண்ணி, கால் மணி நேரம், முடிஞ்சதும் வெளிய போயிடுதுன்னா யூவி இல்லாமலே விட்டுடலாம். ரெண்டு பேர் மாத்தி மாத்தி அதே தண்ணில நிக்கறது, மறுநாளைக்கு வெச்சிக்கிறது, இது ரெண்டும் கூடவே கூடாது. வெதுவெதுப்பா தேங்குன தண்ணி, 25லேர்ந்து 45 டிகிரி, லீஜியோனெல்லான்னு ஒரு கிருமிக்கு அதான் பிடிச்ச இடம், ஷவர் தூத்தல் வழியா மூச்சுல போனா வயசானவங்களுக்கு நிமோனியா. தினமும் முடிஞ்சதும் பைப்பையும் ஃபில்டரையும் வடிச்சு காய விடணும், வாரம் ஒரு தடவை ப்ளீச்சிங் தண்ணி ஓட்டி அலசணும். கண்ணுல, வாய்ல போகாம முதுகுக்கு மட்டும் விடுங்க. காயம், சொறி ஏதாவது இருந்தா அன்னிக்கு சுத்தவிடாதீங்க.

அப்புறம் கழிவு தண்ணிய திரும்ப பாவிக்கிறதுல நம்ம ஏரியா ஒண்ணும் பின்தங்கி இல்ல, கொடுங்கையூர்ல சாக்கடை தண்ணிய ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரிச்சு மணலி பக்கம் கம்பெனிங்களுக்கு அனுப்புற பிளான்ட்டு ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கெப்பாசிட்டி. ஆனா அங்க அத்தனை ஸ்டேஜும் அதை பாத்துக்க ஆளும் இருக்கு. வீட்ல அந்த ஆள் நீங்க தான்.

காலடிப்பேட்டை அக்கா:

சரி ஒத்தடம்னா நான் ஒண்ணும் சொல்லல, பெரியவர் சௌக்கியமா இருக்கட்டும். ஆனா முடிஞ்சப்புறம் அந்த 30 லிட்டர கார்க்க புடுங்கி விட்டுடாதீங்க தம்பி, அஞ்சு ஃபிளஷுக்கு ஆவும்.

தண்டையார்பேட்டை ராஜாளி:

அக்கா அதுவும் மனசுல இருக்கு. ஆனா தண்ணி தரைல இருக்கு, ஃபிளஷ் டேங்க் இடுப்பு உயரத்துல இருக்கு, மொண்டு மொண்டு ஊத்தணுமா?

ராயபுரம் பைப்பு:

அதே பம்பு தான்பா, வேற எதுக்கு. ஷவருக்கு போற லைன்ல ஒரு மூணு வழி வால்வு போடு, முடிஞ்சதும் திருப்புனா ஃபிளஷ் டேங்க் பக்கத்துல ஒரு மூடி போட்ட ட்ரம்முக்கு ஏத்திடும், அஞ்சு நிமிஷ வேலை. ட்ரம்மை டேங்க்க வுட ஒசரமா ஸ்டாண்டுல வெச்சேன்னா அது பாட்டுக்கு எறங்கும். மெட்ரோ லைனோட மட்டும் சேக்காத, ஒரே பைப்புல டீ ஜாயின்ட் போட்டு சேத்துடுன்னு எவனாச்சும் சொன்னா தொரத்திடு, சம்ப்புல அழுக்கு தண்ணி ரிவர்ஸ் எடுக்கும். ரெண்டும் மேலேர்ந்து தனித்தனியா டேங்க்ல வுழணும், நடுவுல காத்து எடம் இருக்கணும். ஒரு நாளைக்கு மேல ட்ரம்முல வெச்சா நாறும், அன்னன்னிக்கே காலி பண்ணிடு.

எபாக்ஸிய மட்டும் மழை வர்றதுக்குள்ள முடிச்சிடு, ஐப்பசில அடிச்சா காயாது.