பத்தாம் வகுப்புக்குப் பின் அக்கா மகளுக்கு எது பொருந்தும்: மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவா, ஐடிஐயா, பாலிடெக்னிக்கா?

ஆத்தூர்த் தாய்மாமன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகள் சேலம் மாவட்டத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பத்தாம் வகுப்பில் 500-க்கு 362 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். கணக்கில் 71. எங்கள் தெருமுனையில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்று உள்ளது. கோடை விடுமுறை முழுவதும் அவள் அங்கேதான் இருந்தாள். எரிந்துபோன மோட்டாரின் பழைய காயிலைப் பிரிக்கும்போது, எந்த ஸ்லாட்டில் (காயில் உட்காரும் பள்ளம்) தொடங்கி எந்த ஸ்லாட்டில் முடிகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று, கம்பியின் கேஜ் (தடிமன்) என்ன என்பதையெல்லாம் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறாள். பட்டறைக்காரரே இப்போது சில சமயம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

அவள் எலக்ட்ரிக்கல் படிக்க விரும்புகிறாள். ப்ளஸ் ஒன் சேர்ந்து ஒழுங்காகப் பொறியியல் கல்லூரிக்குப் போகட்டும் என்கிறார் அக்கா. மாமாவோ, ஐடிஐ என்பது பள்ளியில் தேறாத பையன்கள் போகும் இடம், பெண் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பாலிடெக்னிக் சேர்ந்தால் பிறகு பி.இ. படிக்க முடியுமா, ஐடிஐ சேர்ந்தால் மேற்படிப்புக்கான வழி அடைபட்டுவிடுமா, எந்த வழியில் எத்தனை ஆண்டுகள் வீணாகும் என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், வீட்டில் உட்கார்ந்து பேச எனக்கு உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

ஐயா, எலக்ட்ரீசியன் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசு ஐடிஐ ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆண்டு வீணாகும் என்ற அச்சத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ப்ளஸ் டூ இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு, ஆக ஆறு. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் டிப்ளமோ மூன்று ஆண்டு, அதன்பின் பி.இ. வகுப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால் இன்னும் மூன்று ஆண்டு, ஆக அதுவும் ஆறுதான். ஐடிஐ எலக்ட்ரீசியன் இரண்டு ஆண்டு. அதை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டே ஆண்டில் டிப்ளமோ பெற்று, பிறகு மூன்று ஆண்டில் பி.இ. முடிக்கலாம், ஆக ஏழு. ஓர் ஆண்டு கூடுதலாகிறது, ஆனால் அந்த ஓர் ஆண்டுக்குப் பதிலாகத் தேசியத் தொழிற்சான்றிதழ் ஒன்று கையில் இருக்கிறது. இடையில் வீட்டில் பணமுடை வந்தாலும், திருமணப் பேச்சு வந்தாலும், அதுவரை படித்ததற்கு ஒரு சான்றிதழாவது மிஞ்சும். ப்ளஸ் டூ முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நின்றுபோன பிள்ளைக்கு ப்ளஸ் டூ சான்றிதழைத் தவிர எதுவும் மிஞ்சுவதில்லை.

உங்கள் மாமா சொல்வது முழுப் பொய்யல்ல. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எலக்ட்ரீசியன், ஃபிட்டர் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். எங்கள் பிரிவில் 400-க்கு மேல் எடுத்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் பார்த்துவிட்டேன். முதல் மாதத்தில் நாங்கள் கொடுப்பது கம்பி இணைப்பு வேலை: காப்புறையைக் கத்தியால் சீவி, செம்புக் கம்பியில் வெட்டு விழாமல் சுத்தம் செய்து, இரு முனைகளை முறுக்கிச் சுற்றி, பற்றவைத்துக் காட்ட வேண்டும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்தால் கம்பியில் கீறல் விழும். கீறிய இடத்தில் பின்னாளில் கம்பி ஒடியும். பென்சில் சீவுவதுபோல் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதை ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், ஆறு மாதமாகியும் பிடிபடாதவர்களும் இருக்கிறார்கள். இதில் ஆண் பெண் வேறுபாட்டை நான் கண்டதில்லை.

செலவைப் பொறுத்தவரை, அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி, சீருடை போன்றவையும் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பாலிடெக்னிக்கில் சேர்ந்தாலும் அந்த ஆயிரம் உண்டு. இன்னொன்றையும் அக்காவிடம் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள், ப்ளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால், அதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகக் கொள்ளும் ஏற்பாடு நம் மாநிலத்தில் இருக்கிறது. வழி அடைபடவில்லை.

நேரடி இரண்டாமாண்டு எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் டிப்ளமோவில் டிரிபிள் ஈ, அதாவது மின், மின்னணுப் பொறியியல் முடித்து, பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து படித்தவள். இப்போது துணைமின் நிலையப் பணிகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். பயிற்றுநர் ஐயாவின் கணக்கு சரி. ஆனாலும் கணக்கில் 71 எடுத்த பெண்ணை ஐடிஐ வழியாகச் சுற்றி வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேராகப் பாலிடெக்னிக்கில் சேர்க்கலாம் என்பதே என் கருத்து. ரயில்வேயில் இளநிலைப் பொறியாளர் தேர்வு போன்றவற்றுக்கு டிப்ளமோவே தகுதி. அதைப் பதினெட்டு வயதிலேயே வாங்கிவிடலாம்.

ஆனால் இரண்டு இடங்களில் கால் இடறும். பாலிடெக்னிக் முதலாம் ஆண்டு எல்லாப் பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒன்றே: கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், வரைபடம். மோட்டாரைத் தொடலாம் என்று ஆசையோடு போகும் பிள்ளை ஓராண்டுக் காலம் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததுபோல் உணரும். தமிழ்வழியில் வந்த எனக்கு அந்த ஆண்டு ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டுவதிலேயே போயிற்று. முதல் பருவத்தில் இரண்டு தாள் அரியர் வைத்தேன். அடுத்த இடறல் பி.இ.யில் வந்தது. நேரடியாக மூன்றாம் பருவத்தில் போய் அமர்ந்தால், ப்ளஸ் டூவிலும் முதலாம் ஆண்டிலும் மற்றவர்கள் படித்துவிட்ட தொகையீடெல்லாம் நமக்கும் தெரியும் என்ற நினைப்பில், அதன்மேல் கட்டப்படும் ஃபூரியர் தொடர் என்ற உயர்கணக்குப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். டிப்ளமோ கடைசி விடுமுறையில் ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் வகையீடு, தொகையீட்டுப் பாடங்களை மட்டுமாவது போட்டுப் பார்த்தால் பெரிய சிரமம் இராது. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

சான்றிதழ் விஷயத்திலும் கவனம் தேவை. நான் முதலில் சேர்ந்த தனியார் பாலிடெக்னிக் ஒன்றில், மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து அரசு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது, முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்றார்கள். அப்பா நான்கு முறை நடந்தார். அரசு இடத்துக்கான முடிவு தெரியும்வரை அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

மேல்நிலைப்பள்ளி ஆசிரியர் எழுதியது:

மேல்நிலையில் உள்ள தொழிற்கல்விப் பிரிவைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 1978-இல் நம் மாநிலத்தில் ப்ளஸ் டூ வந்தபோதே இதுவும் உடன் வந்தது. அடிப்படை மின் பொறியியல், அடிப்படை இயந்திரவியல், வேளாண் அறிவியல், செவிலியம், நெசவுத் தொழில்நுட்பம் எனப் பல பிரிவுகள் உண்டு. கருத்தியலுக்கும் செய்முறைக்கும் தனித்தனியே தாள் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேரவும் தகுதி உண்டு. அக்காவின் விருப்பமும் பெண்ணின் விருப்பமும் சந்திக்கும் இடம் இதுதான் என்று காகிதத்தில் தோன்றும். நடைமுறையில், தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமல் பிரிவே மூடப்பட்ட பள்ளிகள் பல. இருக்கும் பள்ளியிலும் செய்முறைக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். மேசையில் தூசி படிந்திருந்தால் வேறு வழியைத் தேடுவதே நல்லது. சொந்தத் துறையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

ஆத்தூர்த் தாய்மாமன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. விசாரித்ததில், எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மின் பொறியியல் தொழிற்கல்விப் பிரிவு இப்போது இல்லை. ஆகவே போட்டி ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும்தான். ஐடிஐ முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் பயிற்சி கிடைக்கும் என்கிறார்கள். அது உண்மையில் பயன் தருமா? சொந்தமாகத் தொழில் செய்ய விரும்பினால் எந்தச் சான்றிதழ் உதவும்?

ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தொழிற்சாலையிலேயே உதவித்தொகையுடன் வேலை பழகும் பயிற்சி. பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற இடங்களில் இதற்கு விண்ணப்பிக்கலாம். 2019-இல் திருத்திய விதிகள் ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. பயிற்சியின் முடிவில் தேர்வு எழுதித் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் பெறுபவர்களுக்கு, ரயில்வேயில் லெவல்-1 எனப்படும் தொடக்கநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதை முதல் மாதமே பார்க்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு பையன், தனியார் தொழிற்சாலை ஒன்றில் ஓராண்டு முழுவதும் அட்டைப்பெட்டி ஒட்டினான். பதிவே செய்யவில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை.

சொந்தத் தொழிலுக்கு வருவோம். மோட்டாருக்குக் காயில் கட்டக் கைப்பழக்கம் இருந்தால் நடத்திவிடலாம். கட்டடங்களுக்கு ஒயரிங் எடுத்துச் செய்ய, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மின்கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஐடிஐ எலக்ட்ரீசியன் சான்றிதழ் நேர்வழி. டிப்ளமோ படித்தவர் அனுபவத்துடன் மேற்பார்வையாளர் சான்றிதழுக்குப் போவார். மின்வாரியத்தின் கள உதவியாளர் வேலைக்கும் ஐடிஐ சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். மேலே தங்கை சொன்னதை நான் மறுக்கவில்லை. புத்தகத்தோடு மூன்று ஆண்டு உட்கார முடியும் என்றால் பாலிடெக்னிக்கே நல்லது. உங்கள் அக்கா மகள் நோட்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் உட்கார்வாள் என்றுதான் தோன்றுகிறது. எதற்கும் வேலைநாளில் அவளை இரண்டு இடத்துக்கும் அழைத்துப் போங்கள். சேர்க்கை மேசையோடு திரும்பிவிடாமல் பணிமனை வரை போய்ப் பாருங்கள்.

ஆத்தூர்த் தாய்மாமன் எழுதியது:

செவ்வாய்க்கிழமை அவளையும் மாமாவையும் ஐடிஐக்கு அழைத்துப் போனேன். எலக்ட்ரீசியன் பணிமனையில் மாணவர்கள் ஒரு ஸ்டேட்டரில் (மோட்டாரின் சுழலாத பகுதி) ஸ்லாட்டுகளுக்குக் காப்புத்தாள் வெட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் அருகில் போய், வார்னிஷ் ஊற்றியபின் அடுப்பில் காய வைப்பீர்களா, பல்பு வைத்தா என்று கேட்டாள். எங்கள் பட்டறையில் நூறு வாட் பல்பைத்தான் உள்ளே தொங்கவிடுவார்கள். பயிற்றுநர் அடுப்பைத் திறந்து காட்டி, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று விளக்கினார். மாமா அங்கே எதுவும் பேசவில்லை; வெளியே வந்ததும், விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்ன என்று அவரே கேட்டார். வியாழக்கிழமை அரசு பாலிடெக்னிக்கையும் பார்த்துவிட்டோம். இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டாகிவிட்டது. பாலிடெக்னிக்கில் டிரிபிள் ஈ கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் ஐடிஐ என்று பேசி வைத்திருக்கிறோம். அசல் சான்றிதழ்கள் அக்காவின் பீரோவில் இருக்கின்றன.