போர்க் காட்சி அசலாக இருந்தால் போர் மேல் வெறுப்பு வருமா, ஆசை வருமா?

மாம்பலத்தான்:
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைத்து ‘சேவிங் பிரைவேட் ரயன்’ போட்டோம். 1998இல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டி கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கும் காட்சி தொடக்கத்திலேயே வந்துவிடும். கிட்டத்தட்ட 24 நிமிடம். படகின் முன்கதவு விழுந்ததும், முதலில் நின்றவர்கள் தண்ணீரில் கால் வைப்பதற்குள் செத்துப் போகிறார்கள். ஒருவன் அறுந்து கிடக்கும் தன் கையைத் தேடி எடுத்துக்கொண்டு நடக்கிறான். மிக்சர் தட்டைச் சுற்றி அரட்டை அடித்துக்கொண்டிருந்த ஆறு குடும்பமும் கப்சிப்.

என் மகனுக்கு 15 வயது. எந்நேரமும் ஃபோனில் துப்பாக்கி விளையாட்டுதான். மூன்று நாளாக அதைத் தொடவே இல்லை. நான் பத்து தடவை சொல்லியும் நடக்காததை அந்த 24 நிமிடம் செய்துவிட்டது. நம் ஊர்ப் படங்களில் நெஞ்சில் நாலு குண்டு வாங்கியவன் கொடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்க வசனம் பேசுகிறான். அதைப் பார்த்தால் எவனுக்கு வலிக்கும்? போரை உள்ளபடி காட்டினால்தான் போர் வேண்டாம் என்று தோன்றும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பின்வரிசை பெஞ்ச்:
மூன்று நாள் சரி சார், நாலாவது நாள்?

கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் நாலு பேர் சேர்ந்து இதே படத்தைப் பார்த்தோம். எங்களுக்கும் பேச்சு வரவில்லை. அடுத்த வாரம் நாலு பேரும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேர என்ன தகுதி வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். பயந்தோம்தான். ஆனால் அந்தப் பயத்தில் ஒரு கிளர்ச்சி இருந்தது. ‘அந்தப் படகில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்’ என்று ஒவ்வொருவனும் தனக்குள் ஓட்டிப் பார்த்தான். செத்தவர்களில் ஒருவனாக யாரும் தன்னை நினைக்கவில்லை. மேடேறிப் போனவனாகத்தான் நினைத்தோம்.

இன்னொன்று. உங்கள் மகன் விட்டுவிட்டானே, அந்த மாதிரி விளையாட்டுகளில் ‘மெடல் ஆஃப் ஹானர்’ பெரிய பெயர். 1999இல் வந்தது. அதைத் தொடங்கி வைத்தவரே ஸ்பீல்பெர்க்தான். 2002இல் வந்த அதன் அடுத்த பாகம் ஒன்றில் அந்தக் கடற்கரைத் தரையிறக்கத்தையே ஒரு கட்டமாக வைத்தார்கள். அதே படகு, அதே மணல், நீங்கள் ஓடிச் சுட வேண்டும். நீங்கள் மருந்து என்று கொடுத்ததும் பையன் விட்ட நோயும் ஒரே கடைச் சரக்கு.

ஒலிக்கூடம்:
சாலிகிராமத்தில் சவுண்ட் எஃபெக்ட்ஸ் வேலை பார்க்கிறவன். சண்டைக்கு வரவில்லை, ஒரு தகவல்.

அந்த 24 நிமிடத்தில் பின்னணி இசை கிடையாது. இசை இருந்தால் எங்கே பயப்பட வேண்டும், எங்கே அழ வேண்டும் என்று அது சொல்லிவிடும். அதை எடுத்துவிட்டதால் பார்ப்பவனுக்குப் பிடிமானம் இல்லை. அப்புறம், வூஃபரில் நெஞ்சை அதிர வைத்துக்கொண்டே போய், கதாநாயகனின் காது அடைத்துப்போகும் இடத்தில் சத்தத்தை மொத்தமாகப் பிடுங்கிவிடுவார்கள். கிணற்றுக்குள் இருப்பது போல ஒரு ‘ம்ம்ம்’ மட்டும் கேட்கும். தியேட்டரில் ஆட்கள் மூச்சைப் பிடிப்பது அங்கேதான், கை அறுந்த இடத்தில் இல்லை. கேமராவிலும் வேலை உண்டு. ஷட்டர் கோணத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைத்து எடுத்தார்கள். அதனால் அசைவின் கலங்கல் போய் ஒவ்வொரு மணல் துகளும் தனித்தனியாகத் தெறிக்கும். லென்சின் மேல்பூச்சைக்கூடச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் ‘உள்ளபடி’ என்று சொல்வது இப்படிச் செய்து கொண்டுவந்ததுதான். எலும்பு முறியும் சத்தத்துக்கு நாங்கள் முட்டைகோஸைத் திருகுவோம். அன்றைக்கு மதியம் பொரியலில் எவனும் கை வைக்க மாட்டான், அது வேறு கதை.

மாம்பலத்தான்:
ஒலிக்கூடம் சார், வித்தை என்பதால் பொய் ஆகிவிடுமா? படம் வந்தபோது அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை, பார்த்துவிட்டு மனம் குலைந்துபோன வீரர்களுக்காகக் கட்டணமில்லாத தொலைபேசி எண் ஒன்றையே வைத்தது. நேரில் அனுபவித்தவர்களையே அது அவ்வளவு தூரம் தொட்டிருக்கிறது. முட்டைகோஸ் சத்தம்தான் என்றால் அவர்களுக்கு ஏன் அப்படி ஆக வேண்டும்?

பின்வரிசை, உங்கள் நாலு பேரில் எத்தனை பேர் கடைசியில் சேர்ந்தீர்கள்?

பின்வரிசை பெஞ்ச்:
ஒருவன். நான் வங்கியில் இருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அந்த வீரர்களுக்குள் ஏற்கெனவே ஒன்று இருந்தது, படம் அதைத் திறந்துவிட்டது. எனக்குள்ளும் உங்கள் பையனுக்குள்ளும் திறக்க என்ன இருக்கிறது?

ரத்தத்தைக் காட்டினால் போர்வெறி அடங்கும் என்றால் தமிழன் என்றைக்கோ அடங்கியிருக்க வேண்டும். கலிங்கத்துப்பரணியைப் பாருங்கள். பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, செத்த யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன, அப்புறம் உட்கார்ந்து கூழ் சமைக்கின்றன. இதைவிடக் கோரமாக எந்தப் படம் காட்டிவிட்டது? ஆனால் பாடியது குலோத்துங்கனின் படை ஜெயித்ததைக் கொண்டாட. ‘ஐயோ போதும்’ என்று சொல்லவா பாடினார்கள்?

நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே நின்று குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஆள் செத்தது, ஆயிரக்கணக்கில் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். படம் இல்லை சார், அசல் குண்டு. அதில் நமக்கு மிஞ்சியது என்ன? ‘அவன் சரியான எம்டன்டா’. கெட்டிக்காரனுக்கு ஒரு பட்டம்.

நெய்தல்:
பின்வரிசை, எம்டன் விஷயம் அழகு. ஆனால் பரணியோடு நிறுத்திவிட்டீர்களே. புறநானூற்று 62ஆம் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேரன், சோழன் இரண்டு பேரும் ஒரே களத்தில் செத்துக் கிடக்கிறார்கள். அதிலும் பேய்ப்பெண்கள் உண்டு, பிணங்களின் ரத்தத்தைத் தொட்டுத் தலைமுடியில் பூசிக்கொள்கிறார்கள். ஆனால் பாட்டு அங்கே முடியாது. மனைவிமார் கீரை உண்ணவில்லை, குளிர்ந்த நீரில் முழுகவில்லை, கணவர்களின் மார்பைத் தழுவி அப்படியே கிடந்துவிட்டார்கள் என்கிற இடத்துக்குப் போகும். ஜெயித்தவன் என்று யாரும் இல்லை.

கோரம் இரண்டிலும் இருக்கிறது. வித்தியாசம், செத்தவன் யாருக்கு யார் என்று சொல்வதில். 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ பார்த்தேன். துப்பாக்கிச் சண்டைக்கு எங்கள் தியேட்டரில் விசில் பறந்தது. மேஜர் முகுந்த் தாம்பரத்துப் பிள்ளை, நம் ஊர்க்காரர் என்ற பெருமை வேறு. ஆனால் மனைவி வரும் காட்சிகளில் விசில் அடித்தவர்களே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருக்கும் குறை, எதிர்ப்பக்கம் சாகிறவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் என்பது எந்தப் படத்திலும் நினைவுக்கு வருவதில்லை. எவ்வளவு அசலாக எடுத்தாலும் அவன் சுடப்படுவதற்காக நிற்கும் பொம்மைதான்.

வளசரவாக்கம் யாழ்:
இரண்டு நாளாக வாசிக்கிறேன். எழுதலாமா விடலாமா என்று இருந்தது.

1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நாங்களும் நடந்தோம். எனக்கு ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் ரோட்டு முழுக்கத் தலைகள். மழை வேறு. ஓட முடியாது, நிற்கவும் முடியாது, பின்னால் வருபவர்கள் தள்ளத் தள்ளக் கால் தானாக நகரும். அம்மா என் கையைப் பிடித்த இடம் ஒரு கிழமைக்குக் கன்றிப்போய் இருந்தது.

படங்களில் செல், அதுதான் பீரங்கிக் குண்டு, எங்கே விழும் என்று கேமராவுக்குத் தெரியும். முன்கூட்டியே அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். எங்களுக்குத் தெரியாது. தூரத்தில் ‘டும்’ என்று குத்துகிற சத்தம் முதலில் வரும். பிறகு எண்ணுவோம். கூவிக்கொண்டு போனால் எங்களுக்கு இல்லை, தாண்டிப் போகிறது என்று பெரியாக்கள் சொல்லித் தந்தார்கள். ஆகவே கூவல் கேட்டால் சந்தோஷப்படுவோம். யாருடைய வீட்டில் விழப்போகிறதோ என்று நினைக்காமல் சந்தோஷப்படுவோம். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற சந்தோஷம் அது ஒன்றுதான். அதை ஒரு படத்திலும் நான் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்லும் 24 நிமிடத்தை நான் தேநீர் குடித்துக்கொண்டே பார்ப்பேன், ஒன்றும் செய்யாது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் சனம் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் போகும் இடம் இருக்கிறதே, அதில் எழும்பி வெளியே போய்விட்டேன். அதில் ஒரு துளி ரத்தம்கூட இல்லை.

அம்மா இங்கே வந்து இவ்வளவு வருஷமாகியும் தீபாவளிக்கு முதல் நாளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார். வெடி அவருக்குப் பழகிவிட்டதாம். வெடிக்கும் வெடிக்கும் இடையில் வருகிற அமைதிதான் பழகவில்லையாம்.

பின்வரிசை பெஞ்ச்:
அக்கா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் ரத்தம் காட்டுவதால் பிரயோசனம் இல்லை என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்?

வளசரவாக்கம் யாழ்:
இல்லை தம்பி. என்னை உங்கள் கட்சியில் சேர்க்க வேண்டாம். எனக்கு அது தேவையில்லை என்றுதான் சொன்னேன். செல் விழுந்தால் கை போகும் என்பதே தெரியாமல் ‘போட்டுத் தள்ள வேண்டியதுதானே’ என்று ஃபேஸ்புக்கில் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கட்டும். மூன்று நாள் என்றாலும் மூன்று நாள்.

மாம்பலத்தான்:
நன்றி அக்கா.

ஆவடி ரிட்டயர்டு:
கார்கில் சமயத்தில் சர்வீஸில் இருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், டைப் அடிக்க வராது. எந்தப் படமும் காத்திருப்பதைக் காட்டாது. காட்டினால் ஒருத்தன் டிக்கெட் வாங்க மாட்டான். 15 ஆயிரம் அடிக்கு மேலே, உறையும் குளிரில், மூன்று வாரம் ஒன்றும் நடக்காது. தண்ணீர் சூடாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் பெரிய பேச்சு. நடப்பது பத்து நிமிடம், அதுவும் பாதி ஞாபகம் இருக்காது. குடும்பத்தோடு உட்கார்ந்து போர்ப் படம் பார்ப்பதில்லை. பயம் என்று இல்லை, பேத்தி ‘இப்படித்தான் இருந்ததா தாத்தா’ என்று கேட்பாள்.

மாம்பலத்தான், பையனை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள், 850க்கும் மேல் கல் இருக்கிறது. பேரைப் படிக்க வேண்டாம், வயதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

நெய்தல்:
சார், பேத்தி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஆவடி ரிட்டயர்டு:
ஹோம்வர்க் முடித்தாயா என்று கேட்பேன் மா.

மாம்பலத்தான்:
ஞாயிறு நந்தம்பாக்கம் போகிறோம் சார். பின்வரிசை, உங்கள் நாலாவது நாள் கேள்விக்குப் பதில்: இன்று காலை மறுபடி விளையாட உட்கார்ந்துவிட்டான். ஆனால் சத்தமே கேட்கவில்லை. மியூட்டில் போட்டு விளையாடுகிறான் போல. ஏதோ உள்ளே போயிருக்கிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

ஒலிக்கூடம்:
ஹெட்போன் மாட்டியிருப்பான் சார், போய்ப் பாருங்கள்.