பெடல் கிக் அடிக்கும்போது பின் பிரேக் உரசல், ஃபிரேமில் ஒரு கோடு: பூஸ்டர் போதுமா?

தாவல்20:
20 இன்ச் ட்ரையல்ஸ் சைக்கிள் (கால் ஊன்றாமல் தடைகள் மேல் தாவி ஏறுவதற்கானது), ஆரம்பநிலை மாடல், சீட் கிடையாது. ஃபிரேம் அலுமினியம் 6061. பின்னால் மகுரா எச்எஸ்33 ஹைட்ராலிக் ரிம் பிரேக், நாலு போல்ட் மவுண்ட். பூஸ்டர் (இரண்டு பக்க பிரேக் மவுண்டையும் இணைக்கும் வளைவுத் தகடு) இல்லை. பிரேக் நன்றாகப் பிடிக்க ரிம்மைச் சொரசொரப்பாக கிரைண்ட் பண்ணியது.

சும்மா உருட்டினாலே இடப்பக்கப் பிரேக் கட்டை லேசாகத் தொடுகிறது. பின் சக்கரத்தில் நின்று பெடல் கிக் (பிரேக்கை விட்ட கணத்தில் பெடலை ஓங்கி மிதித்துத் தாவுவது) அடித்தால் அதே பக்கம் கர்ரென்று உரசுகிறது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சீட்ஸ்டே (பின் ஆக்ஸிலிலிருந்து மேலே போகும் குழாய்) இரண்டும் விரிவது கண்ணுக்கே தெரிகிறது. இதற்கு நடுவில், இடது செயின்ஸ்டே (பின் ஆக்ஸிலிலிருந்து முன்னால் போகும் அடிக்குழாய்) பாட்டம் பிராக்கெட்டோடு (பெடல் அச்சு சுழலும் இடம்) சேருகிற வெல்டிங் ஓரத்தில், பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு. பூஸ்டர் போட்டால் எல்லாம் அடங்கிவிடுமா? கோட்டின் மேல் ஒரு வெல்டிங் ஓட்டிவிடலாமா?

கோட்டம்_எடுப்பவர்:
பிரேக்கில் கை வைக்காதீர்கள். நகர்வது சக்கரமா, கட்டையைத் தள்ளும் பிரேக் சிலிண்டரா, ஃபிரேமா என்று தெரியாமல் கட்டையை நகர்த்தினால் இன்றைக்கு உரசல் நிற்கும், நாளைக்கு வேறு பக்கம் ஆரம்பிக்கும்.

முதலில் ஹப். ரிம்மை கட்டைக்குப் பக்கத்தில் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். டொக் டொக் என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ ஆக்ஸிலோ தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பிரயோசனமில்லை. பிறகு கோட்டம்: சக்கரத்தைச் சுற்றி, கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கிரைண்ட் பண்ணிய ரிம்மில் மேற்பரப்பே மேடுபள்ளமாக இருக்கும், அதைக் கோட்டம் என்று நினைத்து நிப்பிளை (ஸ்போக்கை இறுக்கும் சிறு நட்) திருகித் தள்ளாதீர்கள். மொத்த ஆட்டம் அரை மி.மீ.க்குள் இருந்தால் இந்த வேலைக்குப் போதும். ஒரே பக்கத்து ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையில் அழுத்திப் பார்த்து, சில மட்டும் தொளதொளவென்று இருந்தால் அவற்றை ஒரு தடவைக்கு கால் சுற்றுக்கு மேல் திருகாமல் ஏற்றுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. இரண்டு பக்க இடைவெளியையும் குறித்துக்கொண்டு, செயினைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை இடவலம் மாற்றிப் போடுங்கள். குறைந்த இடைவெளி எதிர்ப்பக்கம் போய்விட்டால் ரிம் ஹப்பின் நடுவில் இல்லை, தப்பு சக்கரத்தில். அதே பக்கம் நின்றால் சக்கரம் நல்லது, சிலிண்டரோ ஃபிரேமோதான் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது.

சிலிண்டர் என்று தெரிந்தால், கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி அதை உள்ளே வெளியே நகர்த்தி, இரண்டு பக்கமும் 1 முதல் 2 மி.மீ. விட்டு இறுக்குங்கள். கட்டையின் மேல்விளிம்பு ரிம்மின் விளிம்புக்கு 1 மி.மீ. கீழே இருக்கட்டும், டயரைத் தொடவே கூடாது. லீவரில் உள்ள அட்ஜஸ்டர் திருகையும் பாருங்கள். அது உள்ளே போயிருந்தால் பிஸ்டன் முழுசாகப் பின்வாங்காது. அட்ஜஸ்டரை முழுசாக வெளியே எடுக்காமல் ஏர் எடுத்திருந்தாலும் இதே கதைதான்: சிஸ்டத்தில் எண்ணெய் கூடுதலாக அடைத்து நிற்கும், கட்டை எப்போதும் ரிம் பக்கத்திலேயே குந்தியிருக்கும். மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். டாட் திரவம் (கார், பைக் பிரேக்கில் ஊற்றுவது) சீலை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

ஒற்றைக்கால்_கிக்:
இவ்வளவு எதுக்கு ப்ரோ? பூஸ்டர் ஒண்ணு மாட்டுங்க. ஸ்டே விரியிறது நிக்கும், பிரேக்கும் கல்லு மாதிரி பிடிக்கும்.

முறுக்குமானி:
விரிவதற்கு மட்டும்தான் பூஸ்டர் மருந்து. கட்டை ரிம்மை உள்ளே அழுத்தும்போது அதே விசை சீட்ஸ்டேயை வெளியே தள்ளுகிறது. பூஸ்டர் வளைவு அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு உரசல் வருவது பெடல் கிக்கில். கிக் அடிக்கும்போது இழுப்பது பிரேக் அல்ல, செயின். செயின் வலப்பக்கம். ஆக்ஸிலின் வலது முனை முன்னால் இழுபட்டால், மேலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் முன்பகுதி இடப்பக்கம் திரும்பும். இடது கட்டை மட்டும் உரசுவதற்கு இது நேர்ப்பொருத்தம். அந்த முறுக்கைப் பூஸ்டர் பிடிக்காது.

அதனால் டிராப்அவுட்டை (ஃபிரேமில் ஆக்ஸில் உட்காரும் பிளவு) பாருங்கள். வலப்பக்க நட்டுக்கு அடியில் புதிதாகத் தேய்ந்த பளபளப்புக் கோடு இருந்தால் ஆக்ஸில் வழுக்குகிறது. இரண்டு பக்க ஸ்னெய்ல் கேமும் (ஆக்ஸிலை இடத்தில் நிறுத்தும் நத்தை வடிவத் தகடு) ஒரே எண்ணில், டிராப்அவுட்டில் நீட்டியிருக்கும் முள்ளில் முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வலது கேம் ஒரு படி பின்தங்கினாலே ரிம் கோணலாகிவிடும். 10 மி.மீ. ஆக்ஸில் நட் என்றால் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். முகத்தில் பல் வெட்டிய வாஷர் டிராப்அவுட்டைக் கவ்வியிருக்கட்டும், அங்கே கிரீஸ் படக்கூடாது. செயின் தளர்வை, சுற்றும்போது எங்கே மிக இறுக்கமாக வருகிறதோ அங்கே வைத்து அளங்கள். நடுவில் மேலும் கீழும் 5 மி.மீ. அளவு அசைந்தால் போதும்.

பூஸ்டர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பழைய போல்ட்டையே போடாதீர்கள். தகட்டின் தடிமன் அளவுக்குப் போல்ட் குட்டையாகிவிடும், நாலைந்து மரைதான் அலுமினியத்தைப் பிடிக்கும், இரண்டாவது இறுக்கலில் மரை உருவிக்கொண்டு வரும். போல்ட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு மரை உள்ளே இறங்க வேண்டும்; எம்5 என்றால் 7.5 மி.மீ. இறுக்கம் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். பூஸ்டர் தானாக உட்காராமல் ஸ்டேயை நெருக்கிப் பிடித்துத்தான் மாட்ட முடிகிறது என்றால் அந்தப் பூஸ்டர் உங்கள் ஃபிரேமுக்கு இல்லை.

டிக்_வெல்டர்:
பிரேக்கை விடுங்கள், எனக்குக் கவலை அந்தக் கோடுதான். பெயிண்ட் வெடிப்பா உலோக விரிசலா என்று பெயிண்டுக்கு மேலே பார்த்துச் சொல்ல முடியாது. பெயிண்ட் ரிமூவர் போட்டு 3 செ.மீ. அளவுக்கு வெற்று உலோகம் வரும்வரை எடுங்கள். கிரைண்டரோ முரட்டு எமரியோ வேண்டாம். உலோகம் இழுபட்டு விரிசலின் வாயையே மூடிவிடும். பிறகு டை பெனிட்ரன்ட்: துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்து (நேராக அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிப்போகும்), வெள்ளை டெவலப்பர் அடியுங்கள். சிவப்புக் கோடு ஊறி வந்தால் விரிசல்.

அதே வேகத்தில் டவுன்ட்யூப் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன்னால் ஏறும் குழாய்) ஹெட்ட்யூப்போடு (முன் ஃபோர்க் நுழையும் குழாய்) சேரும் அடிப்பக்கம், டிராப்அவுட் மூலை, பிரேக் மவுண்ட் வெல்டிங் ஓரம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஹெட்ட்யூப்பில் விரிசல் இருந்தால் முன்சக்கரம் தனியே போகும், அதற்கு முன்னறிவிப்பு எல்லாம் இருக்காது.

வெல்டிங் ஓட்டலாமா என்ற கேள்விக்கு: கூடாது. 6061 டி6 நிலையில் (சூடாக்கிக் கடினப்படுத்தியது) யீல்டு வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு, சுமார் 276 மெகாபாஸ்கல். வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் முழு ஃபிரேமையும் 530 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, கோணலை நிமிர்த்தி, பிறகு 160–175 டிகிரியில் பல மணி நேரம் வைக்க வேண்டும். ஃபேக்டரியில் செய்வது அதுதான். தெருமுனை டிக் வெல்டிங் மெஷினில் மேலே ஒரு பீட் (வெல்டிங் வரி) ஓட்டினால், பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் பிறக்கும், அதுவும் சீக்கிரமாக. விரிசல் முனையில் ஓட்டை போட்டு நிறுத்துகிற வித்தையும் தாவிக் குதிக்கிற சைக்கிளுக்கு ஆகாது. குரோமோலி ஸ்டீல் ஃபிரேம் என்றால் பதில் வேறு: விரிசலை வெட்டித் திறந்து வெல்டிங் பண்ணி, மேலே ஒரு குசெட் (தாங்கு தகடு) வைத்துப் பலப்படுத்தலாம்.

தாவல்20:
எல்லாம் செய்து பார்த்தேன். ஹப்பில் ஆட்டம் இல்லை. சக்கரத்தை மாற்றிப் போட்டாலும் இடப்பக்கம்தான் இடைவெளி குறைவு. சிலிண்டரை நகர்த்தி இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. வைத்தேன், உருட்டும்போது உரசல் போய்விட்டது. கேம் இரண்டும் ஒரே எண், நட் வழுக்கிய தடம் இல்லை. டிராப்அவுட் இடைவெளி 116 மி.மீ., ஹப்பும் அதே. ஆனால் கிக் அடித்தால் இன்னும் இடப்பக்கம் உரசுகிறது. பெயிண்டை எடுத்துச் சாயம் அடித்ததில் செயின்ஸ்டே கோடு சிவப்பாக வந்தது, 12 மி.மீ. நீளம். மற்ற இடங்கள் சுத்தம்.

டிக்_வெல்டர்:
அந்த ஃபிரேம் முடிந்தது. உருட்டிப் பழகுவதற்குக்கூட வேண்டாம். செயின்ஸ்டே பாட்டம் பிராக்கெட்டில் திறந்துகொண்டால் பின்முக்கோணத்தின் இடப்பக்கம் தொய்ந்துபோகும், அதனால்தான் கிக்கில் சக்கரம் அந்தப் பக்கம் சாய்கிறது. நீங்கள் பிரேக் கோளாறு என்று நினைத்ததில் பாதி இதுதான்.

ஒற்றைக்கால்_கிக்:
சரி, பூஸ்டர் வேண்டாம் 😅 ஃபிரேம் மட்டும் மாத்தினா மத்த சாமான் எல்லாம் ஏறுமா?

முறுக்குமானி:
பெரும்பாலும் ஏறும். பின் இடைவெளி 116 இருக்க வேண்டும். 135 உள்ள ஃபிரேமுக்கு உங்கள் ஹப் ஆகாது, வாஷர் அடுக்கி நிரப்புகிற அளவு வித்தியாசம் இல்லை அது. பின் பிரேக் மவுண்ட் நாலு போல்ட்டா டிஸ்க்கா, பாட்டம் பிராக்கெட் ஷெல் அகலம், ஹெட்ட்யூப் உள்விட்டம், இந்த மூன்றையும் அளந்து கேளுங்கள். பழைய ஃபிரேம் வாங்கினால் ஒரு டிராப்அவுட்டிலிருந்து ஹெட்ட்யூப்பைச் சுற்றி மறு டிராப்அவுட்டுக்கு நூலை இழுத்துக் கட்டி, நடுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்கு மேல் என்றால் வேண்டாம். அலுமினியத்தை வளைத்து நேராக்கலாம் என்று விற்பவர் சொன்னால் கேட்காதீர்கள்.

கோட்டம்_எடுப்பவர்:
புது ஃபிரேமில் சிலிண்டரை மாட்டும்போது, ஹோஸ் நீளம் போதாமல் இழுபட்டால் அதுவே சிலிண்டரைத் திருப்பிக் கட்டையைச் சாய்த்துவிடும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்த பிறகு கிளாம்பை இறுக்குங்கள். அட்ஜஸ்டரை முழுசாக வெளியே எடுத்து வைத்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும். கட்டை தேயத் தேய உள்ளே திருகிக்கொள்ள அப்போதுதான் இடம் மிஞ்சும்.