ஞாயிறு சைக்கிள், வழியில் ஒரு காபி: வெயில், மழை, குளிர் எல்லாக் காலத்திலும் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

நீலசைக்கிள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. பந்தயம், நூறு கிலோமீட்டர் இலக்கு இதெல்லாம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குள்ளேயே இருபது, இருபத்திரண்டு கிலோமீட்டர் மிதிப்பேன். பாதி வழியில் ஒரு கடையில் காபி. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வெளியே நிற்கும் சைக்கிளைப் பார்த்தபடி அரை மணி உட்காருவேன். வாரத்தில் எனக்கே எனக்கென்று இருப்பது இந்த இரண்டு மணி நேரம்தான்.

பருவம் மாறும்போதுதான் சிக்கல். மூன்று வருஷமாக இதே கதை. வானிலை இதமாக இருக்கும் மாதங்களில் ஒரு வாரம் தவறாது. வெயில் ஏறியதும் ஒரு நாள் தலைவலியோடு திரும்புவேன். மழை பிடித்ததும் ஒரு நாள் தொப்பலாக நனைவேன். போன குளிர்காலத்தில் போகிறவரை நன்றாகத்தான் இருந்தது. காபி குடித்துவிட்டு வெளியே வந்தேன், அப்படி ஒரு நடுக்கம். விரல் விறைத்து பிரேக் பிடிக்கவே கஷ்டப்பட்டேன். அத்தோடு சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது டயரில் காற்று இல்லை, செயினில் துரு.

என்ன உடை, என்ன விளக்கு என்று நிறைய படித்துவிட்டேன். அதெல்லாம் ஓரளவு இருக்கிறது. வருஷம் முழுக்க விடாமல் ஓட்டுகிறவர்கள் எதை மாற்றிக்கொள்கிறீர்கள்? நேரத்தையா, பாதையையா? காபியை விடச் சொன்னால் மட்டும் என்னால் முடியாது.

மெதுமிதி எழுதியது:

தம்பி, காபியை விடவே வேண்டாம். அது வருகிற இடத்தை மாற்றுங்கள்.

எனக்கு 61 வயது. இருபத்தாறு வருஷமாக வாரம் ஒரு நாளாவது ஓட்டுகிறேன். முதல் நாலைந்து வருஷம் நானும் உங்களைப் போலத்தான் பாதி வழியில் ஒரே கடை, ஒரே மேசை என்று இருந்தேன். நீங்கள் எழுதிய மூன்று கஷ்டமும் பாதி வழியில் நிற்பதால் வருபவை. இதமான காலத்துக்குத்தான் அது பொருந்தும். மற்ற காலங்களுக்கு வேறு கணக்கு.

முதலில் குளிர். உங்களுக்கு நடந்தது இதுதான்: மிதிக்கிறவரை உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேர்த்தது தெரியாது. நிறுத்தி உட்கார்ந்ததும் சூடு குறைகிறது, பனியனில் ஊறிய வேர்வை மட்டும் அப்படியே இருக்கிறது. கடைக்குள் கதகதப்பாக இருப்பதால் அதுவும் தெரியாது. வெளியே வந்து காற்று பட்டதும் அந்த ஈரம் ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான சூட்டை உங்கள் தோலிலிருந்துதான் எடுக்கும். பருத்தி பனியன் என்றால் இன்னும் மோசம், சீக்கிரம் காயாது.

ஆகவே குளிர்காலத்தில் என் காபி மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வரும். 21 கிலோமீட்டர் சுற்று என்றால் பதினாலாவதில். மீதி ஏழுதான், அதை உடம்பு தாங்கும். உட்காருவது பதினைந்து நிமிஷம், அரை மணி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் கவரில் உலர்ந்த பனியன் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். உள்ளே போனதும் காபி சொல்லிவிட்டு, கழிவறையில் பனியனை மாற்றிக்கொண்டு வந்துதான் உட்காருவேன். கையுறையை மேசையில் போடுவதில்லை. வயிற்றுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்வேன். திரும்பப் போட்டுக்கொள்ளும்போது அது சூடாக இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று போட்டுப் பார்த்தால் தெரியும். கிளம்பிய முதல் ஒரு கிலோமீட்டர் லேசான கியரில், மெதுவாக. வேகம் குறைந்தால் முகத்தில் அறையும் காற்றும் குறையும்.

இன்னொன்று: வீட்டிலிருந்து கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால், பத்தாவது நிமிஷத்தில் வேர்க்கப் போகிறது என்று அர்த்தம்.

அடுத்து காற்று. இதைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று பாதையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே காற்றும் 15 என்றால் உடம்பில் படுவது 30. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆக காற்றே இல்லாத நாளைவிட நாலு மடங்கு. அதே காற்று முதுகில் இருந்தால் தடை கிட்டத்தட்ட பூஜ்யம். கால் புதிதாக இருக்கும்போது கஷ்டத்தை முடித்துவிடலாம். குளிர்காலத்தில் கூடுதல் லாபம், வேர்வையோடு திரும்பும்போது நெஞ்சில் காற்று அடிக்காது. கிளம்பும் முன் மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பேன். அன்றைய பாதை அதுதான்.

வெயில் காலத்தில் காபி கடைசியில், வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால். விடிகிறபோது கிளம்பி, வெயில் உறைக்கும் முன் எல்லா தூரத்தையும் முடித்துவிட்டுத்தான் உட்காருவேன். நடுவில் நிழல் பார்த்து நின்று தண்ணீர் மட்டும். நீங்கள் பாதி வழியில் அரை மணி உட்கார்ந்தால் அந்த அரை மணியில் வெயில் ஏறிவிடுகிறது, திரும்பும் பாதி முழுவதும் உச்சந்தலையில். தலைவலி வராமல் என்ன செய்யும்? காபி குடித்தால் உடம்பு வறண்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பழகியவருக்கு ஒரு கோப்பையால் அப்படி ஒன்றும் ஆகாது, அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே. ஆனால் வேர்வையில் போனதை ஈடுகட்ட அந்த ஒரு கோப்பை போதாது. முதலில் தண்ணீர், அப்புறம் காபி.

மழைக்காலம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தூரப் பாதையே போட மாட்டேன். காபிக் கடையை நடுவில் வைத்து ஐந்து கிலோமீட்டர் வளையமாகச் சுற்றுவேன், ஒரு நாள் வலப்பக்கமாக, ஒரு நாள் இடப்பக்கமாக. எங்கே இருந்தாலும் பத்து நிமிஷத்தில் கூரைக்குக் கீழே வந்துவிடலாம். இரண்டு வளையம் முடிந்த பிறகு வானம் தெளிவாக இருந்தால் மூன்றாவது. இப்படிச் சுற்றித்தான் அந்தப் பகுதியின் சந்துகளை எல்லாம் தெரிந்துகொண்டேன். எந்த வீட்டுச் சுவரில் கொடி பூக்கிறது, எந்தத் திருப்பத்தில் தண்ணீர் தேங்கும் என்பது வரை.

சைக்கிளை மூலையில் போடாதீர்கள், அவ்வளவுதான் பராமரிப்பு. வாரம் ஒரு தடவை காற்று பாருங்கள். டியூபிலிருந்து தானாகவே கொஞ்சம் கசியும். குளிரிலும் இறங்கும்: 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த டயரில், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தாலே சுமார் இரண்டரை பிஎஸ்ஐ போய்விடும். மழையில் ஓட்டி வந்தால் அன்றே செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். மறுநாள் என்றால் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

மட்கார்டு எழுதியது:

மெதுமிதி ஐயா சொன்ன மழை வளையத்தை நான் அப்படியே ஏற்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. ரொம்ப நாள் காய்ந்து கிடந்த சாலையில் மழை விழுந்தால், முதல் அரை மணிக்கு வளையமும் வேண்டாம். அதுதான் காபி நேரம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் தண்ணீரோடு கலந்து வழவழவென்று மேலே நிற்கும். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு போங்கள்.

இதை நான் விழுந்துதான் கற்றேன். தூறல் ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட இருக்காது. பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள் மேல் லேசாகத் திரும்பினேன். முன்சக்கரம் பக்கவாட்டில் போனது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த கணம் முழங்கை தரையில் இருந்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, பத்து பன்னிரண்டு இருக்கும். தழும்பு இன்னும் இருக்கிறது. ஈரத்தில் பெயின்ட் கோடு, இரும்பு மூடி, உதிர்ந்த இலை இந்த மூன்றின் மேலும் நேராகப் போகலாம், ஆனால் திரும்பக் கூடாது, பிரேக்கும் பிடிக்கக் கூடாது. சாலையில் தண்டவாளம் இருந்தால் முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

உங்களுடையது ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பான ரிம்மை ரப்பர் கட்டை அழுத்திப் பிடிக்கும் வகை) என்றால், நனைந்த ரிம்மில் பிடித்தவுடன் நிற்காது. சக்கரம் ஓரிரு சுற்று சுற்றித் தண்ணீரை வழித்த பிறகுதான் கட்டை பிடிக்கும். அதனால் சந்திப்பு வருவதற்கு முன்பே லேசாக அழுத்திக்கொண்டே போங்கள். 'சர்ர்ர்' என்று மண் உரசும் சத்தம் கேட்டால், வீட்டுக்குப் போனதும் பிரேக் கட்டையில் சிக்கிய மணலை ஊசியால் எடுங்கள். இல்லாவிட்டால் ரிம்மைத் தேய்த்துவிடும்.

அப்புறம் தாழ்ந்த வெயில். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையில் சூரியன் உங்கள் முதுகில் இருந்தால் உங்களுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். எதிரே வருகிறவருக்கு அதே சூரியன் கண்ணில். அவர் உங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். எதிரே வரும் வண்டி குறுக்கே திரும்ப நின்றால் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

இரட்டைப்பூட்டு எழுதியது:

ஒரு சின்ன விஷயம், ஆனால் என் வெயில் காலத்தையே கெடுத்தது. கோடையில் காலையில் எழ முடியாமல் மாலைக்கு மாற்றினேன். ஏழு மணிக்குக் காபி. ஒரு மாதம் தூக்கம் போய், காரணமும் புரியாமல் கிடந்தேன். காபியில் உள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபீன், குடித்த 30 முதல் 60 நிமிஷத்துக்குள் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும், பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும்தான். ஏழு மணிக் காபியில் பாதி நள்ளிரவிலும் உள்ளே இருந்தால் எங்கே தூங்குவது? மாலையில் ஓட்டுகிறவர்கள் காஃபீன் நீக்கிய காபியை யோசித்துப் பாருங்கள். எனக்கு அது சரியாக இருக்கிறது. கோப்பையும் உட்காருவதும்தான் எனக்கு முக்கியம்.

ஜன்னலோர இடம் கிடைக்காத நாளில் பூட்டை நம்பித்தான் இருக்க வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டாதீர்கள், அதைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோய்விடலாம். பின்சக்கரமும் சட்டமும் சேர்ந்து ஓர் அசையாத கம்பியோடு இருக்க வேண்டும்.

சங்கிலிக்கண்ணி எழுதியது:

காபியை விட முடியாது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. காபிக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. இத்தாலியின் மிலான் நகரத்து ஃபாயெமா, எஸ்பிரெசோ இயந்திரம் செய்யும் நிறுவனம். 1961-இல் வந்த அவர்களுடைய ஈ61 இயந்திரம் காபி உலகில் பெரிய பெயர். அந்த நிறுவனம் ஒரு சைக்கிள் அணியும் நடத்தியது. பெல்ஜியம் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ், பிரான்ஸில் வாரக்கணக்கில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1969-இல் முதல் முறை வென்றது அந்த அணிக்காகத்தான். அந்த ஒரே பந்தயத்தில் மொத்தத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை, புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை, மலையேற்றப் பட்டம் மூன்றும் அவருக்கே. ஒரு காபி இயந்திரத்தின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்! எனக்கு இதை நினைத்தாலே காலில் தெம்பு வரும்.

நீலசைக்கிள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. முதல் வாரமே பாதையை மாற்றிவிட்டேன். இங்கே இப்போது குளிர்.

என் பழைய கடையைப் பதினாலாவது கிலோமீட்டரில் கொண்டுவர முடியவில்லை, அது எதிர்த்திசையில் இருக்கிறது. அதனால் புதுக் கடை தேட வேண்டியிருந்தது. முதல் ஞாயிறு கிடைத்தது பூட்டியிருந்தது. இரண்டாவது ஞாயிறு ஒரு சின்ன இடம், நாலே மேசை. ஜன்னல் இல்லை, ஆனால் வாசலுக்கு நேராக ஒரு கம்பி இருக்கிறது, சைக்கிள் கண்ணில் படுகிறது. பனியனை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், மெதுமிதி அண்ணா. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷம். வெளியே வரும்போது நடுங்கப் போகிறேன் என்று தோளைக் குறுக்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். நடுக்கம் வரவில்லை. கையுறை சூடாக இருந்தது. காற்று முதுகில்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பழைய கடையில் அரை மணி உட்கார்ந்ததை இப்போது தேடுகிறேன். பதினைந்து நிமிஷம் காபிக்குப் போதும், எனக்குப் போதவில்லை. குளிரிலும் அரை மணி உட்கார வழி உண்டா?

மெதுமிதி எழுதியது:

உண்டு தம்பி. காலுறையும் மாற்றுங்கள். பாதம் ஈரமாக இருந்தால்தான் கிளம்பும் அவசரம் வரும். உலர்ந்த பனியன், உலர்ந்த காலுறை இரண்டும் இருந்தால் நான் நாற்பது நிமிஷம்கூட உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்காருகிற நாளில் கடையைப் பதினேழாவது கிலோமீட்டருக்குத் தள்ளிவிடுவேன். உங்கள் பாதையில் பதினேழாவதில் என்ன இருக்கிறது என்று அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.